போல்ட்டின் தலையில் ஓர் 'எஃப்'

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்காகக் கட்டப்பட்ட ஜீப்பை இன்று ஓடவைப்பது பெரிய காரியமன்று. பிஸ்டன், வால்வு, கிளட்ச் தட்டு, பிரேக் குழாய் என அதன் இயக்கத்துக்குத் தேவையான உதிரிபாகங்களில் பெரும்பாலானவை, போர் முடிந்து 80 ஆண்டுகள் கடந்த பிறகும் புதிதாகச் செய்யப்பட்டு விற்பனைக்குக் கிடைக்கின்றன. அதே ஜீப்பை, 1942-லோ 1944-லோ தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே மீட்டெடுக்க முற்படுபவருக்குத்தான், ஒரு விளக்குக்கூடும் ஒரு கைப்பிடி போல்ட்டும்கூட ஆண்டுக்கணக்கில் கைக்கு எட்டாமல் போகின்றன.

பட்டறைகளில் வழங்கும் 'ஒரிஜினல்', 'டூப்ளிகேட்' என்னும் இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் தேடலை விளக்க முடியாது. குறிப்பிட்ட அந்த வண்டியிலேயே தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு இன்றுவரை மாற்றப்படாமல் இருப்பது ஒரு வகை. அதே நிறுவனம் ஏறத்தாழ அதே மாதத்தில் கட்டிய வேறொரு வண்டியிலிருந்து கழற்றி எடுத்தது இன்னொரு வகை. மாற்றுப்பாகமாகச் செய்யப்பட்டு, பொதி பிரிக்கப்படாமலே கிடங்கில் கிடந்து இப்போது வெளிவருவது மூன்றாவது வகை. மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதனை 'நியூ ஓல்டு ஸ்டாக்' என்பர், அதாவது பயன்படுத்தப்படாத பழஞ்சரக்கு. இவற்றுக்கும் அப்பால், போருக்குப் பின் அதே வரைபடத்தைக் கொண்டு உரிமம் பெற்றுச் செய்தவையும், அண்மைக் காலத்தில் பழைய பாகத்தை அளந்து வார்த்த நகல்களும் உள்ளன. வண்டியில் பொருத்திய பின் இவற்றின் வேலையில் வேறுபாடு தெரியாது. வரலாற்று மதிப்பில் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

இந்த வேறுபாட்டைக் கண்டறிவதிலுள்ள இடர் தற்செயலானதன்று. எந்த ஜீப்பின் பாகமும் எந்த ஜீப்பிலும் பொருந்த வேண்டும், போர்முனையில் உடைந்த இரண்டு வண்டிகளைக் கொண்டு ஓடும் வண்டி ஒன்றைச் சேர்த்துவிட முடிய வேண்டும் என்பதே இராணுவம் விதித்த நிபந்தனை. ஆகவே காலத்துக்குரிய பாகத்தைத் தேடுபவர், வேறுபாடே இருக்கக்கூடாது என்று திட்டமிட்டுச் செய்த பொருள்களுக்கிடையே வேறுபாடு தேடுகிறார். அந்த நிபந்தனையை மீறிக்கொண்டு இரும்பில் தங்கிவிட்ட சிறு தடயங்களே அவருக்குக் கிடைக்கும் சான்றுகள்.

இரு தொழிற்சாலை, ஒரே வரைபடம்

1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம், எடை குறைந்த, நான்கு சக்கரங்களும் இயங்கும் வேவு வண்டி ஒன்றை 49 நாளில் மாதிரியாகக் கட்டித் தருமாறு மோட்டார் நிறுவனங்களைக் கேட்டபோது, குறித்த நாளில் மாதிரியை நிறுத்திய நிறுவனம் பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்னும் சிற்றூரிலிருந்த அமெரிக்கன் பேண்டம். கார்ல் புரோப்ஸ்ட் வரைந்த அந்த வண்டி 1940 செப்டம்பர் 23 அன்று மேரிலாந்திலுள்ள ஹோலாபேர்டு முகாமைச் சென்றடைந்தது. எனினும் அச்சிறு நிறுவனத்தால் இலட்சக்கணக்கில் உற்பத்தி செய்ய இயலாது எனக் கருதிய இராணுவம், அந்த வடிவமைப்பை வில்லிஸ்-ஓவர்லாண்டும் ஃபோர்டும் பார்க்க வழி செய்தது. டெல்மார் ரூஸ் என்னும் பொறியாளர் மெருகேற்றிய, 60 குதிரைத்திறன் கொண்ட, ஏறத்தாழ 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள 'கோ டெவில்' எஞ்சினின் வலிமையால் வில்லிஸ் முந்தியது. பேண்டம் நிறுவனம் கட்டிய வண்டிகள் மொத்தம் 2,700-ஐ எட்டவில்லை. அதன் பாகம் ஒன்று இன்று வெளிவந்தால் அது விலை பேசப்படும் பொருளாக இல்லாமல் அருங்காட்சியகச் செய்தியாகிவிடுகிறது.

வில்லிஸின் ஓகையோ மாநில டொலீடோ ஆலை மட்டும் போதாது என்ற நிலையில், 1941-ன் இறுதியில் வில்லிஸின் வரைபடங்களைக் கொண்டே ஃபோர்டும் ஜீப் கட்ட ஒப்புக்கொண்டது. வில்லிஸ் கட்டியது 'எம்பி' எனவும், ஃபோர்டு கட்டியது 'ஜிபிடபிள்யூ' எனவும் பெயர் பெற்றன. ஃபோர்டின் குறியீட்டு முறையில் 'ஜி' அரசாங்க ஒப்பந்தத்தையும், 'பி' 80 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட வேவு வண்டியையும், 'டபிள்யூ' வில்லிஸின் வடிவமைப்பையும் குறிக்கும். போர் முடிவதற்குள் வில்லிஸ் ஏறத்தாழ 3,60,000 வண்டிகளையும், ஃபோர்டு ஏறத்தாழ 2,78,000 வண்டிகளையும் கட்டின.

வரைபடம் ஒன்றே ஆயினும் கைப்பழக்கம் வேறு. ஃபோர்டு நிறுவனம் தான் செய்த பாகங்களில் எல்லாம், பெடல், விளக்குக்கூடு, கொக்கி முதல் சாதாரண போல்ட்டின் தலை வரை, தன் பெயரின் முதலெழுத்தான 'எஃப்' என்பதைத் தன் வணிகச் சின்னத்திலுள்ள வளைவெழுத்தில் பொறித்தது. வேறு நிறுவனம் செய்த பாகம் பழுதானால் அதற்குத் தான் பொறுப்பேற்க நேரக்கூடாது என்ற எச்சரிக்கையே இதற்குக் காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. காரணம் எதுவாயினும், அந்த ஒற்றை எழுத்து இன்று ஒரு தனிச் சந்தையையே உருவாக்கியிருக்கிறது. துருப்பிடித்த பழைய போல்ட் ஒன்று 'எஃப்' முத்திரை உடையதாயின் மதிப்புப் பெறுகிறது, அது இல்லையெனில் எடைக்குப் போகிறது. போல்ட்டுக்குப் போல்ட் 'எஃப்' தேடிப் பொருத்திய வண்டிகளைச் சேகரிப்பாளர் கூட்டங்களில் காண முடியும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கார்ட்டர் நிறுவனத்தின் கார்புரேட்டர், ஆட்டோ-லைட் நிறுவனத்தின் மின்கருவிகள் போன்றவற்றை ஃபோர்டும் வெளியிலிருந்தே வாங்கியது. தலை முதல் கால் வரை 'எஃப்' நிறைந்த ஜீப், ஃபோர்டு ஆலையிலிருந்து வெளிவந்த ஜீப்பைக் காட்டிலும் அதிகமாக ஃபோர்டாக இருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

முத்திரையைவிட நம்பத்தக்க சான்று சேசிஸில் இருக்கிறது. சேசிஸ் என்பது வண்டியின் எடை முழுவதையும் தாங்கும் இரும்புச் சட்டகம். அதன் இரு நீண்ட கைகளையும் ரேடியேட்டருக்குக் கீழே இணைக்கும் குறுக்குச்சட்டம் வில்லிஸில் உருண்டையான குழாயாகவும், ஃபோர்டில் தகட்டை மடித்துச் செய்த பெட்டி வடிவிலும் இருக்கும். போல்ட்டை மாற்றலாம், எஞ்சினை மாற்றலாம், உடற்கூட்டையே மாற்றலாம். அந்தக் குறுக்குச்சட்டத்தை மாற்ற வேண்டுமெனில் சட்டகத்தையே அறுத்தாக வேண்டும் என்பதால், பலகாலம் பல கைகள் மாறிய வண்டியிலும் பிறந்த இடத்தை அது மறைப்பதில்லை.

காலத்தைக் கணிப்பதற்கு வேறு அடையாளங்கள் உதவுகின்றன. வில்லிஸின் முதல் 25,000 வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்னாலுள்ள கம்பித்தடுப்பு, தட்டையான இரும்புப் பட்டைகளை நிறுத்திப் பற்றவைத்துச் செய்யப்பட்டது. ஒரே தகட்டை அழுத்தி ஒன்பது துளைகள் வெட்டும் முறையை ஃபோர்டு கொண்டுவந்தது. செலவும் எடையும் குறைந்ததால் வில்லிஸும் அதனையே பின்பற்றியது. இன்று உலகம் ஜீப்பின் முகம் என்று அறிந்திருப்பது ஃபோர்டின் முகம். போருக்குப் பின் ஜீப் என்னும் பெயரைத் தன் வணிகச் சின்னமாக்கிக்கொண்டதோ வில்லிஸ். தொடக்ககால வண்டிகளின் பின்பலகையில் அந்தந்த நிறுவனத்தின் பெயர் புடைப்பெழுத்தில் இருந்தது. 1942-ல் இராணுவம் அதனை நீக்கச் செய்தது. வில்லிஸுக்கு உடற்கூடு செய்து கொடுத்த இந்தியானா மாநிலத்தின் அமெரிக்கன் சென்ட்ரல் நிறுவனமே, 1944 முதல் ஃபோர்டின் ஜீப்புகளுக்கும் உடற்கூடு செய்யத் தொடங்கியபோது இரண்டின் கூறுகளும் கலந்த ஒரு வடிவம் உருவாயிற்று. சேகரிப்பாளர்கள் அதனைக் 'கலப்பு உடற்கூடு' என்கின்றனர். 1943-ன் ஃபோர்டு சேசிஸ் மேல் கலப்பு உடற்கூடு இருக்குமானால், இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்பது உறுதி. மாற்றியவர் இராணுவப் பட்டறையினராகவே இருக்கலாம் என்பதுதான் வழக்கைச் சிக்கலாக்குகிறது.

ஒரே ஆலையில் ஒரே காலத்தில் கட்டிய வண்டிகளும் உள்ளுக்குள் ஒன்றாக இருந்ததில்லை. திரும்பும் முன்சக்கரத்துக்குச் சுழற்சி தடைபடாமல் சென்றுசேர, அச்சின் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பு ஒன்று வேண்டும். அதனைச் செய்வது நுட்பமான வேலை. எந்த ஒரு நிறுவனத்தாலும் போர்த்தேவையை ஈடுகட்ட முடியவில்லை. ஆதலால் பெண்டிக்ஸ்-வைஸ், ரெசெப்பா, டிராக்டா, ஸ்பைசர் என நால்வகை இணைப்புகள், கிடைத்தது கிடைத்தபடி பொருத்தப்பட்டன. இவற்றுள் எது சரியானது என்ற கேள்விக்கு, அந்த வாரம் எந்தச் சரக்கு வந்து இறங்கியதோ அது சரி என்பதைத் தவிர வேறு விடையில்லை.

பொதியின் மேலுள்ள தேதி

இத்தேடலின் அடிப்படை நூல் 'எஸ்என்எல் ஜி-503' எனப்படும் பாகப்பட்டியல். அமெரிக்க இராணுவத்தின் ஆயுத, தளவாடத் துறை தன் கிடங்கிலுள்ள ஒவ்வொரு வாகனத்துக்கும் துப்பாக்கிக்கும் ஒரு பட்டியலெண் வழங்கியது. கால் டன் ஜீப்புக்குக் கிடைத்த எண் ஜி-503, இரண்டரை டன் ஜிஎம்சி லாரிக்குக் கிடைத்தது ஜி-508, ஷெர்மன் டாங்கிக்குக் கிடைத்தது ஜி-104. பாகத்தின் பெயர், படம், ஒரு வண்டிக்கு எத்தனை வேண்டும் என்ற கணக்கு ஆகியவற்றோடு, ஒரே பாகத்துக்கு வில்லிஸ் இட்ட எண்ணையும் ஃபோர்டு இட்ட எண்ணையும் பட்டியல் தருகிறது; முன்னதற்கு 'டபிள்யூஓ' எனவும் பின்னதற்கு 'எஃப்எம்' எனவும் முன்னொட்டு உண்டு. இதனோடு 1944 பிப்ரவரியில் வெளியான 'டிஎம் 9-803' என்னும் பராமரிப்புக் கையேட்டையும் வைத்துக்கொண்டால், பெயர் தெரியாத இரும்புத் துண்டு ஒன்றுக்கு முகவரி கண்டுபிடித்துவிடலாம். இவ்விரண்டும் மறுபதிப்பாக இன்றும் கிடைக்கின்றன. உதிரிபாகம் வாங்கும் முன்னர் இவற்றை வாங்காதவர், பின்னர் ஒரே பாகத்தை இருமுறை வாங்குவார்.

பழஞ்சரக்கின் பொதியே ஓர் ஆவணம். துரு ஏறாமலிருக்கக் காஸ்மோலின் என்னும் மெழுகு போன்ற பழுப்புநிறக் கொழுப்பைத் தடவி, எண்ணெய்த்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் இட்டு, பாகத்தின் பெயர், எண், ஒப்பந்த எண், பொதிந்த மாதம் ஆகியவற்றை மேலே அச்சிட்டனர். மண்ணெண்ணெயில் ஊறவைத்து அந்தக் கொழுப்பைக் கழுவினால், உள்ளே நேற்று லேத்திலிருந்து இறக்கியது போன்ற பாகம் வெளிப்படுகிறது. ஆனால் பலர் படிக்கத் தவறுவது அந்த மாதத்தைத்தான். போர் முடிந்த பின்னரும் அமெரிக்க இராணுவமும் அதன் நேச நாடுகளும் இதே ஜீப்புகளை ஓட்டிக்கொண்டிருந்தமையால், 1950-களிலும் மாற்றுப்பாகங்களுக்குப் புதிய ஒப்பந்தங்கள் இடப்பட்டன. பழுப்பேறிய பெட்டி, இராணுவ எண், காஸ்மோலின் மணம் எல்லாம் இருந்தும், உள்ளிருக்கும் பாகம் ஹிட்லர் இறந்து ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பின் செய்ததாக இருக்கலாம்.

எஞ்சினுக்குள்ளும் இத்தகைய பொறிகள் உள்ளன. போர்க்கால எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டைச் சுழற்றுவது சங்கிலி. போருக்குப் பின் வில்லிஸ் விவசாயிகளுக்காகக் கட்டிய ஜீப்புகளில், சிறிது காலத்துக்குள் அந்தச் சங்கிலி போய்ப் பற்சக்கரம் வந்தது. போர்க்கால கியர்பாக்ஸ் 'டி-84'. அதைவிட வலுவான 'டி-90' பின்னர் வந்து, பழைய ஜீப்புகள் பலவற்றிலும் ஏறிக்கொண்டது. ஓட்டுபவருக்கு இவை முன்னேற்றங்கள். மீட்டெடுப்பவருக்குக் கழற்றி எறிய வேண்டிய கலப்படங்கள்.

மணிலா முதல் மும்பை வரை

பெட்டிக்குள் பிரிக்காமல் அடைத்த புத்தம்புது ஜீப்பை 50 டாலருக்கு அரசாங்கம் விற்கிறது என்ற வதந்தி, போருக்குப் பின் பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் உலவியது. இதழ்களில் வந்த சிறு விளம்பரங்கள் அதனை வளர்த்தன. காசு அனுப்பியவருக்கு வந்துசேர்ந்தது ஜீப் அன்று, உபரிப் பொருள் ஏலத்தில் எவ்வாறு கலந்துகொள்வது என்னும் துண்டறிக்கை. உண்மையான சரக்கு வேறிடங்களில் இருந்தது.

அவற்றுள் முதன்மையானது பிரான்சு. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான ஜீப்புகளைப் பெற்ற பிரெஞ்சு இராணுவம், பாரிசை அடுத்த லா மால்துர்னே பட்டறையில் அவற்றை முற்றாகப் பிரித்து, பாகங்களை வகைவாரியாகக் குவித்து, தேறியவற்றைக் கொண்டு மீண்டும் வண்டிகளைச் சேர்த்தது. ஃபோர்டு சேசிஸ் மேல் வில்லிஸ் உடற்கூடும், வில்லிஸ் எஞ்சினோடு ஃபோர்டு அச்சும் கலந்தது அங்கேதான். அதன்பின் ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனம் 'எம்-201' என்ற பெயரில் அதே ஜீப்பை உரிமம் பெற்று 27,000-க்கு மேல் கட்டியது. பிரெஞ்சு இராணுவம் பிற்காலத்தில் தன் கிடங்குகளை ஒழித்தபோது ஐரோப்பியச் சந்தையில் வந்து கொட்டிய பாகங்களில் வில்லிஸ், ஃபோர்டு, ஹாட்ச்கிஸ் மூன்றும் கலந்தே இருந்தன. இன்று ஐரோப்பாவின் நினைவு அணிவகுப்புகளில் நார்மண்டியில் இறங்கிய ஜீப்பாக நடிப்பவற்றுள் பல, அந்தக் கரையைக் கண்டிராத ஹாட்ச்கிஸ்கள்.

பிலிப்பைன்சில் வேறு கதை நடந்தது. அமெரிக்கப் படை விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை வேய்ந்து, வண்ணம் தீட்டி 'ஜீப்னி' என்னும் பொதுப் போக்குவரத்து வண்டியாக மாற்றிய மக்களிடம் தகடு வளைக்கும் கைத்திறன் வளர்ந்தது. அதன் தொடர்ச்சியாக, அந்நாட்டின் எம்.டி. ஹுவான் நிறுவனம் போர்க்கால ஜீப்பின் உடற்கூட்டை முழுமையாக நகல் செய்து உலகெங்கும் அனுப்புகிறது. துருவில் கரைந்துபோன உடற்கூட்டை டிங்கரிங் செய்து ஒட்டுப்போடுவதைக் காட்டிலும் இதனை வாங்குவது மலிவு என்பதால் பலர் அவ்வழியே செல்கின்றனர். பழைய தகட்டின் கால்வாசியைக் காப்பாற்ற முடியுமானாலும் ஒட்டுப்போடுவதே முறை. ஏனெனில் வெட்டி எறியப்படும் தகட்டோடு அதன் மேலுள்ள வண்ண அடுக்குகளும் போய்விடுகின்றன.

அந்த அடுக்குகளின் அருமையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். இராணுவ ஜீப்பின் எஞ்சின் மூடியின் இருபுறமும் 20 என்ற எண்ணில் தொடங்கும் பதிவெண் எழுதப்பட்டிருந்தது. வானொலிக்கு இடையூறு தராதபடி மின்கருவிகள் அடக்கப்பட்ட வண்டியாயின் எண்ணுக்குப் பின் 'எஸ்' என்ற எழுத்தும் சேரும். நீரில் நனைத்த நுண்ணிய உப்புத்தாளால், மேலே உள்ள பச்சை, நீலம், சிவப்பு என வந்துபோன உரிமையாளர்கள் பூசியவற்றைப் பொறுமையாகத் தேய்த்துக்கொண்டே போனால், மஞ்சள் காவியையும் கருப்பையும் கலந்து செய்த மங்கலான ஆலிவ் நிறத்தின் மேல் அந்த எண்கள் மங்கித் தெரியத் தொடங்கும். அதனைக் கொண்டு வண்டி எந்த ஒப்பந்தத்தில், ஏறத்தாழ எந்த மாதத்தில் வழங்கப்பட்டது எனக் கணிக்கலாம். மணல் வீச்சு இயந்திரத்திடம் கொடுத்து அரைமணி நேரத்தில் வெள்ளையாக்கி வாங்குபவருக்கு இது கிடைப்பதில்லை.

இந்தியாவுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. பர்மா போர்முனைக்காக வந்து, போருக்குப் பின் உபரிப் பொருளாக விற்கப்பட்ட ஜீப்புகள் இந்நாட்டுச் சாலைகளில் கலந்தன. உபரி ஜீப்பின் மேல் இந்தியர்களுக்கு ஐயம் விதைத்த நிகழ்ச்சியும் உடனடியாகவே நேர்ந்தது: 1948-ல் காஷ்மீர்ப் போருக்காக இலண்டன் இந்தியத் தூதரகத்தின் வழியே புதுப்பித்த ஜீப்புகள் வாங்க ஒப்பந்தம் போடப்பட்டு, 155 மட்டுமே வந்து, அவையும் பயன்படுத்தத் தக்கவையல்ல என்று கண்டறியப்பட்டமை நாடாளுமன்றத்தை உலுக்கியது. 1940-களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைச் சேர்த்துக் கட்டத் தொடங்கி, பின்னர் 'சிஜே-3பி' என்னும் உயர்ந்த மூக்குடைய வடிவத்தைப் பல பத்தாண்டுகள் உற்பத்தி செய்தது. அதன் எஞ்சின், தலைப்பகுதி மாறினாலும், சிலிண்டரின் விட்டத்திலும் பிஸ்டனின் ஓட்டத்திலும் போர்க்கால வில்லிஸ் எஞ்சினின் அளவையே கொண்டது. இதனால் சென்னை புதுப்பேட்டையிலும் பிற ஊர்களின் காயலான் கடைகளிலும் கிடைக்கும் மகிந்திராப் பாகங்கள், இந்தியாவிலுள்ள போர்க்கால ஜீப்புகளை உயிரோடு வைத்திருந்தன. அதே வசதியே அவற்றின் அடையாளத்தையும் அழித்தது: மலிவான பாகம் அருகில் கிடைக்கும்போது பழையதைச் சீர்செய்ய எவரும் மெனக்கெடுவதில்லை, பெட்ரோல் செலவுக்கு அஞ்சி டீசல் எஞ்சினே ஏற்றப்பட்ட வண்டிகளும் உண்டு. 2021-ல் இந்திய அரசு அறிவித்த விதிகளின்படி, 50 ஆண்டைக் கடந்த வண்டிகள் 'விஏ' என்ற தனி வரிசையில் பதிவு பெற வேண்டுமெனில், சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் இருத்தலாகாது. டீசல் ஏற்றியவர்களின் பேரன்கள் இப்போது பெட்ரோல் எஞ்சின் தேடி அலைய வேண்டியதாயிற்று.

தகடு பேசும் பொய்

விலை ஏறிய இடத்தில் மோசடி நுழைவது இயல்பு. ஜீப்பின் முன்பலகையில் மூன்று சிறு தகடுகள் பதித்திருப்பர். அவற்றுள் ஒன்று வண்டியின் வரிசை எண்ணையும் இராணுவத்திடம் ஒப்படைத்த நாளையும் சொல்லும். இத்தகடுகள் வெற்றாக நகல் செய்து விற்கப்படுகின்றன. வாங்குபவர் தமக்கு வேண்டிய எண்ணையும் நாளையும் அடித்துக்கொள்ளலாம். 1944 ஜூன் மாதத்துக்கு முற்பட்ட நாளே பலருக்கு வேண்டியிருக்கிறது. நார்மண்டித் தரையிறக்கத்தில் பங்கேற்றிருக்கக்கூடும் என்ற வாய்ப்பு விலையைக் கூட்டுகிறதே!

சேசிஸ் எண்ணிலும் இரு நிறுவனங்களின் பழக்கம் வேறுபட்டது. வில்லிஸ், எண் பொறித்த சிறு தகடு ஒன்றைச் சட்டகத்தின் இடப்பக்க முன்முனையில், பம்பருக்குப் பின்னால் ரிவெட் அடித்துப் பதித்தது. ஃபோர்டு சட்டகத்தின் மேற்பரப்பிலேயே எண்ணை அடித்தது. ரிவெட்டை உடைத்துத் தகட்டை வேறு வண்டிக்கு மாற்றலாம் என்பதால் வில்லிஸின் சான்று எளிதில் ஐயத்துக்குரியதாகிறது. ஃபோர்டில் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்; வில்லிஸில் அவை தொடக்கத்திலிருந்தே வேறு வேறு. வில்லிஸ் ஜீப் ஒன்றை 'இரண்டு எண்ணும் ஒன்றே' என்று பெருமையாக விளம்பரம் செய்யும் விற்பனையாளர், தாம் அறியாமலே தம்மைக் காட்டிக்கொடுத்துக் கொள்கிறார்.

நகல் செய்வது குற்றமன்று; நகலை மூலம் என்று விற்பதே குற்றம். பன்னாட்டுப் பழங்கால வாகனக் கூட்டமைப்பு 2012-ல் ஏற்றுக்கொண்ட துரின் சாசனம், செய்த மாற்றங்கள் அனைத்தையும் பதிவு செய்து வைக்கவும், மாற்றிய பாகங்களை எளிதில் இனங்காணும்படி அழியாத குறியிடவும் அறிவுறுத்துகிறது. 'எஃப்' முத்திரையோடு இப்போது புதிதாக வார்க்கப்படும் போல்ட்டுகளில் அத்தகைய குறி ஏதும் இல்லாவிடில், இன்னும் 30 ஆண்டு துரு ஏறியபின் எது 1943-ன் போல்ட், எது நேற்றைய போல்ட் என்று யாராலும் சொல்ல இயலாது. சந்தை இதனைத் தானாகச் செய்யாது. மீட்டெடுப்பவர்தாம் உளியை எடுத்து ஒரு புள்ளியாவது வைக்க வேண்டும்.

பழையதாக இருக்கக்கூடாதவை

காலத்துக்குரியது என்பதற்காகவே எதையும் பொருத்திவிடலாகாது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து மலாயாவும், அடுத்து டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானின் கைக்குப் போனபோது, தமிழ்த் தொழிலாளர் பால்வெட்டிக் கொண்டிருந்த தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்கு அற்றுப்போயிற்று; அந்நாடு செயற்கை ரப்பருக்கு அவசரமாக மாறியது. அக்கால டயரும் பிரேக் உருளைக்குள்ளிருக்கும் ரப்பர்க் கிண்ணமும் இன்று பொதி பிரிக்காமல் கிடைத்தாலும் அலமாரியில் வைக்கத்தான் உதவும். அவற்றை நம்பி மலைப்பாதையில் இறங்கினால் வண்டி நிற்காது. பழைய பிரேக் பட்டையில் கல்நார் இருக்கும், அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். இருளில் ஒளிர்வதற்காக அக்கால இராணுவ அளவுமானிகள் பலவற்றில் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டது; ஒளி மங்கி மறைந்தபின்னும் கதிரியக்கம் பெரிதாகக் குறைவதில்லை, அந்த மானியைத் திறந்து சுரண்டுபவர் தூளை மூச்சில் வாங்குகிறார். இம்மூன்றிலும் நகலே சரி.

டாங்கிகளின் உலகில் இத்தகைய தெரிவே கிடையாது. இங்கிலாந்தின் பொவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்திலுள்ள 'டைகர் 131', 1943 ஏப்ரலில் துனிசியாவில் பிரிட்டிஷ் படை கைப்பற்றிய ஜெர்மன் டாங்கி. 1990-ல் அதனை ஓடும் நிலைக்குக் கொண்டுவர வேலை தொடங்கியபோது, அதன் மூல எஞ்சினான மேபாக் எச்எல்-210, உள்ளமைப்பைக் காட்டுவதற்காக முன்பே அறுக்கப்பட்டிருந்தது. ஜெர்மனி கட்டிய டைகர்களே ஏறத்தாழ 1,350 தாம் என்னும்போது சந்தையில் எஞ்சின் தேட வழியில்லை. அருங்காட்சியகம் தன்னிடமிருந்த 'டைகர் 2' டாங்கியின் எச்எல்-230 எஞ்சினைக் கழற்றி இதில் பொருத்தியது. 2003 டிசம்பரில் எஞ்சின் ஓடியது, வண்ணம் உட்பட முழுவேலை 2012-ல் முடிந்தது. மூல எஞ்சின் இல்லாத அந்த டாங்கியைப் போலி என்று எவரும் சொல்வதில்லை; காரணம், எது எங்கிருந்து வந்தது என்பதை அருங்காட்சியகம் மறைக்கவில்லை. ஜீப் வைத்திருப்பவரிடமும் கேட்கத்தக்கது இதே நேர்மைதான், அதற்குச் செலவு ஒரு குறிப்பேடு.

தமிழ்நாட்டில் தோட்டத்துக் கொட்டகையிலோ, பழைய பட்டறையின் பின்புறத்திலோ தட்டையான மட்கார்டு உள்ள ஜீப் ஒன்று கிடக்குமானால், அதனை எடைக்குப் போடுமுன், சக்கரத்துக்கு அருகே குனிந்து ரேடியேட்டருக்கு அடியில் கைவிட்டு, முன் குறுக்குச்சட்டம் உருண்டையாக இருக்கிறதா, பெட்டி வடிவில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கவும். உருண்டையாக இருந்தால் பம்பருக்குப் பின்னால் தகட்டையும், பெட்டி வடிவில் இருந்தால் சட்டகத்தின் மேல் அடித்த எண்ணையும் தேடவும். எண் கிடைக்கும்வரை மணல் வீச்சுக்காரரை அழைக்க வேண்டாம்.